வளவுக்கு ஒரு பற்றரி வாள்

பற்றரியில் ஓடும் சங்கிலி வாளின் அமைப்பு எளிமையானது. ஒரு மின்மோட்டார் பற்சில்லைச் சுற்றுகிறது. பற்சில்லு, நீண்ட தட்டையான பாரின் விளிம்புக் காடியில் பல் வைத்த சங்கிலியை இழுத்து ஓட்டுகிறது. பெற்றோல், கயிறிழுத்து ஸ்டார்ட் செய்வது, புகை எதுவும் இல்லை. விசையை அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் இதற்கு வேலை நிறையவே உண்டு. வென்னப்புவ, மாரவில, சிலாபம் பக்கம் தென்னை. கற்பிட்டித் தீபகற்பத்தில் தென்னையோடு பனையும் சவுக்கும். வடக்கே வனாத்தவில்லுப் பக்கம் மரமுந்திரிகை. எல்லாப் பக்கமும் வேலிக்கு நட்ட கிளிரிசிடியா, வாசலில் ஒரு வேம்பு, கிணற்றடியில் ஒரு முருங்கை. சோளகக் காற்று வீசும் மாதங்களில் கொப்பு முறிந்து விழாத வளவு அரிது. அவற்றைத் துண்டாக்க ஒவ்வொரு முறையும் ஆள் பிடிக்க வேண்டியதில்லை என்பதே இந்தக் கருவி வீடுகளுக்குள் வரக் காரணம்.

பெற்றோல் வாள் இன்னும் வலிமையானதுதான். ஆனால் அதற்கு, மீன்பிடிப் படகின் டூ-ஸ்ட்ரோக் இயந்திரத்துக்குப் போலவே, ஒயில் கலந்த பெற்றோல் வேண்டும். கலந்த எரிபொருள் மாதக்கணக்கில் தாங்கியில் கிடந்தால் காபரேட்டர் அடைத்துக்கொள்ளும். வருடத்தில் நாலைந்து தடவை மட்டும் வாளை எடுக்கும் வீட்டுக்காரருக்கு இது பெரிய தொல்லை. 2022இல் நாடு முழுவதும் கியூ.ஆர். முறையில் வாகனத்துக்கு இவ்வளவு என்று பெற்றோல் அளந்து கொடுக்கப்பட்டபோது, வாளுக்கென்று ஒரு லீற்றர் ஒதுக்குவதே சிரமமாகிவிட்டது. அதே ஆண்டில் ஒரு கட்டத்தில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது உண்மைதான். ஆனாலும் மின்சாரம் இருக்கும் நேரத்தில் பற்றரியை ஏற்றி வைத்துக்கொண்டால் பிறகு எப்போது வேண்டுமானாலும் வேலை செய்யலாம். நாள் முழுக்க மரம் அரியும் தொழிலாளிக்குப் பெற்றோல் வாளே பொருந்தும். வளவுக்காரருக்குப் பற்றரி வாள் போதும். ஆனால் எந்தப் பற்றரி வாள் என்பதில்தான் பணம் வீணாகிறது.

கடையில் முதலில் கண்ணில் படுவது வோல்ட் கணக்கு. ஒரு லித்தியம் கலத்தின் இயல்பான மின்னழுத்தம் ஏறத்தாழ 3.6 வோல்ட். முழுதாக ஏற்றிய நிலையில் 4.2 வோல்ட். ஐந்து கலங்களைத் தொடராக இணைத்தால் இயல்பு நிலையில் 18 வோல்ட், ஏற்றி முடித்த கணத்தில் 21 வோல்ட். ஆகவே 18 வோல்ட், 20 வோல்ட், 21 வோல்ட் என்று வெவ்வேறு பெட்டிகளில் எழுதியிருப்பவை பெரும்பாலும் ஒரே வகைப் பற்றரிகளே. பத்துக் கலம் கொண்டது 36 வோல்ட். அதையே சில நிறுவனங்கள் 40 என்று எழுதுகின்றன. இதுவரை குற்றமில்லை. ஆனால் மலிவுவிலைச் சிறு வாள்களில் 48, 88, 98 என்ற எண்களுக்குப் பின்னால் வி.எஃப். என்று இரண்டு எழுத்துச் சேர்த்து அச்சிட்டிருப்பார்கள். அது வோல்ட் அல்ல, விற்பனைக்கு வைத்த பெயர். உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே ஐந்து கலத் தொடர்தான். பெட்டியின் முகப்பை விட்டுவிட்டு, பற்றரியின் அடியில் ஒட்டியிருக்கும் சிறிய தாளைப் படிக்க வேண்டும்.

அந்தத் தாளில் தேட வேண்டியது வாட்-மணி. அது இல்லாவிட்டால் வோல்ட்டை அம்பியர்-மணியால் பெருக்கிக்கொள்ளலாம். 18 வோல்ட், 5 அம்பியர்-மணிப் பற்றரியில் 90 வாட்-மணி இருக்கிறது. 36 வோல்ட், 5 அம்பியர்-மணி என்றால் 180. தடித்த கொப்பில் வாள் 1,000 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் 90 வாட்-மணி ஐந்தரை நிமிடத்துக்கும் குறைவாகவே தாங்கும். இது சங்கிலி மரத்துக்குள் இருக்கும் நேரம் மட்டும். இடையில் கொப்பை இழுப்பதும் அடுக்குவதும் இதில் சேராது என்பதால், நடைமுறையில் அரை மணித்தியால வேலை வரை நீளலாம். ஒரு ஏற்றத்தில் இத்தனை வெட்டு என்று விளம்பரத்தில் வரும் எண் பெரும்பாலும் நாலங்குலச் சதுரப் பைன் மரத்தில் எடுத்த கணக்கு. காய்ந்த புளியிலோ வேம்பிலோ அதை எதிர்பார்க்க முடியாது. எனவே இரண்டு பற்றரியுடன் வாங்குவதே சரி. ஒன்று வேலையில் இருக்கும்போது மற்றது ஏறிக்கொண்டிருக்கும். மின்கட்டணத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 90 வாட்-மணிப் பற்றரியை ஒன்பது தடவை ஏற்றினாலும், சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, ஒரு யூனிட்டுக்குக் கிட்டத்தான் வரும்.

இத்தாலியிலும் மத்திய கிழக்கிலும் உறவினர் உள்ள குடும்பங்கள் இந்தக் கரையோரத்தில் ஏராளம். வாளை அங்கிருந்து கொண்டுவரச் சொல்வோர் ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும். தனியாக எடுத்துவரும் லித்தியம் பற்றரியை விமானத்தில் சரக்குப் பெட்டிக்குள் போட முடியாது, கைப்பையில்தான் கொண்டுவரலாம். 100 வாட்-மணி வரை சிக்கலில்லை. 100க்கும் 160க்கும் இடையே விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதுவும் இரண்டு மட்டுமே. 160ஐத் தாண்டினால் பயணப் பொதியில் இடமே இல்லை. ஆக, 90 வாட்-மணிப் பற்றரி வீடு வந்து சேரும், 180 வாட்-மணிப் பற்றரி விமான நிலையத்திலேயே நின்றுவிடும். ஐரோப்பிய, வளைகுடா சார்ஜர்கள் நம் 230 வோல்ட்டுக்கு ஒத்துப்போகும், செருகியை மட்டும் மாற்றினால் போதும். கனடாவிலிருந்து வரும் சார்ஜர் 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்டதாக இருந்தால், இங்கே செருகிய உடனே எரிந்துபோகும்.

அடுத்தது பாரின் நீளம். இதைத் தீர்மானிப்பது வளவில் நிற்கும் மரங்கள். கிளிரிசிடியா வேலியை வெட்டி ஒதுக்குவது, முருங்கை, மாதுளை, எலுமிச்சைக் கொப்பு எடுப்பது மட்டுமே வேலை என்றால் 6 அங்குலப் பார் கொண்ட சிறிய கைவாள் போதும். அதன் சங்கிலி மெதுவாக ஓடும். மணிக்கட்டுத் தடிப்புள்ள கொப்பைச் சிரமமில்லாமல் அறுக்கும், அதற்கு மேல் திணறும். விழுந்த வேப்பங்கொப்பு, சவுக்கு, மரமுந்திரிகை, விறகு என்று வந்தால் 10 முதல் 12 அங்குலம் வேண்டும். முற்றிய தென்னந்தண்டு பல இடங்களில் ஓரடி விட்டம் கொண்டது. அதைத் துண்டுபோட 14 அங்குலமும் 36 வோல்ட்டும் தேவை. இதைவிடப் பெரிய வாள் வளவுக்கு வேண்டியதில்லை. தேவைக்கு மிஞ்சிய பார் நீளம் சுமை மட்டுமல்ல, நுனி எங்கே படுகிறது என்று தெரியாமல் ஆபத்தையும் கொண்டுவரும்.

தென்னையையும் பனையையும் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் வாளோடு வரும் குறிப்பேடு எதிலும் அவை இல்லை. மற்ற மரங்களில் வைரம் நடுவில். இவற்றில் அது வெளியே. வைரம் வெளியில் உள்ளவற்றைப் புல் என்றும் உள்ளே உள்ளவற்றை மரம் என்றும் தொல்காப்பியம் பிரித்திருப்பது தாவரவியலுக்குப் பெருமளவு பொருந்துகிறது. தென்னையின் வெளி வளையம் ஒரு கனமீற்றருக்கு 600 கிலோவுக்கு மேல் எடையுள்ள கடினமான கட்டை. நடுப்பகுதி 400 கிலோவுக்கும் குறைவான, நீர் ஊறிய மென்சோறு. வாள் முதலில் வைரத்தோடு மல்லுக்கட்டும், பிறகு சோற்றுக்குள் சட்டென்று இறங்கும், மறுபக்கம் மீண்டும் வைரம். நடுவில் கை தளர்ந்து அழுத்தினால் கட்டுப்பாடு போய்விடும். அதோடு தென்னங்கட்டை பல்லைச் சீக்கிரம் மழுக்கும். வேம்பில் ஒரு பகல் தாங்கும் கூர்மை இதில் சில வெட்டுக்களோடு போய்விடலாம்.

பச்சை மட்டைக்கும் பாளைக்கும் இந்த வாளே வேண்டாம். சங்கிலி நாரை அறுப்பதற்குப் பதில் உரித்து இழுத்துக்கொண்டு போகும். ஓரிரு மட்டைக்குப் பின் பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தால், பற்சில்லைச் சுற்றி ஈரநார் தும்புக்கட்டுப் போல இறுகியிருப்பது தெரியும். ஒயில் வரும் துளையும் அதற்குள் மூடுண்டு கிடக்கும். மோட்டார் சூடேறி நின்றுபோகும். மட்டைக்கு மன்னாக் கத்தியே கருவி.

வாங்கும்போது கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை சில. கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் காப்பைத் தள்ளினால் சங்கிலி உடனே பூட்டிக்கொள்கிறதா என்பது முதலாவது. இந்த பிரேக் இல்லாத 12 அங்குல வாளை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. 6 அங்குலச் சிறு வாள்களில் பொதுவாக இது இருப்பதில்லை. அதனால்தான் அவை விளையாட்டுச் சாமான் போலத் தோன்றினாலும் விரலைக் கொண்டுபோகின்றன. விசையோடு சேர்த்து அழுத்தாவிட்டால் ஓடாத பூட்டுப் பொத்தான் இரண்டாவது. பிரஷ்லெஸ் மோட்டார் அதே பற்றரியில் கூடுதல் வேலை தரும், கார்பன் பிரஷ் மாற்றும் செலவும் இல்லை. சங்கிலியின் இடைவெளி அளவு, தடிப்பு, கண்ணிகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் பாரில் பொறித்திருக்கும். அதே அளவுச் சங்கிலி சிலாபத்திலோ புத்தளத்திலோ உள்ள ஹாட்வெயார் கடையில் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு வாங்குவது புத்திசாலித்தனம். ஏற்கெனவே ஏதாவது நிறுவனத்தின் பற்றரித் துளைகருவி வீட்டில் இருந்தால், அதே பற்றரி பொருந்தும் வாளைத் தேடுவதில் பெரும் மிச்சம் உண்டு. விலையில் பெரும்பங்கு பற்றரியினுடையது.

மின்சாரத்தில் ஓடினாலும் சங்கிலிக்கு ஒயில் வேண்டும். இல்லாவிட்டால் பாரும் சங்கிலியும் உரசிச் சூடாகி நீலம் பாய்ந்து தேய்ந்துபோகும். இதற்கென்று விற்கும் பிசுபிசுப்பான சங்கிலி ஒயிலே சரியானது. பலர் கராஜிலிருந்து வாங்கும் கழிவு ஒயிலை ஊற்றுகிறார்கள். அதில் தேய்ந்த உலோகத்துகள் கலந்திருப்பதால் ஒயில் பம்பி கெடும். அதைவிடப் பெரிய கேடு மண்ணுக்கு. வாளில் ஊற்றும் ஒயில் ஒரு சொட்டும் திரும்பி வருவதில்லை, முழுவதும் நிலத்தில்தான் சிந்துகிறது. கற்பிட்டித் தீபகற்பத்தின் குடிநீர் ஆழமில்லாத மணற்படுகையில் தேங்கியிருக்கும் மழைநீர். மணல் ஒயிலை வடிகட்டி நிறுத்தாது. கிணற்றுக்குப் பக்கத்தில் கழிவு ஒயிலைச் சிந்துவது குடிக்கிற தண்ணீரில் சிந்துவதற்குச் சமம். சங்கிலி ஒயில் கைவசம் இல்லாத நாளில் தேங்காய் எண்ணெய் அவசரத்துக்கு உதவும். பிசுபிசுப்புக் குறைவு என்பதால் பாரின் நுனியில் சிதறிப் போகும், ஆகவே தாராளமாக விட வேண்டும். தை மாதத்து விடியற்காலைக் குளிரில் அது உறைந்தால் துளை அடைபடும்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றைச் சொந்தக் காணியில் நின்றாலும் அனுமதியின்றித் தறிக்க முடியாது. தென்னையைத் தறிக்கும் முன்னும் கிராம உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்திலோ கேட்டுக்கொள்வது நல்லது. 2019இல் சங்கிலி வாள்களைப் பதிவு செய்யும்படி அரசாங்கம் அறிவித்தது. வாங்கிய கையோடு பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தி, பதிவு நடைமுறையைப் பொலிஸ் நிலையத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும். வில்பத்துக் காட்டை ஒட்டிய ஊர்களில் வாளோடு போகிறவரிடம் கேள்வி வருவது இயல்பு. புத்தளம், முந்தல், சிலாபம் களப்போரங்களில் உள்ள கண்டல் மரங்களில் வாளே படக் கூடாது. 1980களுக்குப் பின் இறால் பண்ணைகளுக்காக இந்தக் கரையில் அழிந்த கண்டல் கொஞ்சமல்ல. 2015இல் நாட்டின் கண்டல்கள் அனைத்தையும் காக்கும் திட்டம் ஒன்று சிலாபத்தை அடுத்த பம்பலையிலிருந்து இயங்கும் சுதீச அமைப்பின் துணையோடு தொடங்கப்பட்டது. மீன்குஞ்சும் இறால்குஞ்சும் வளர்வது அந்த வேர்களுக்கிடையில்தான்.

வேலைக்கு இறங்கும்போது சாரம் கட்டிக்கொண்டு வாளைத் தொடக் கூடாது. தொங்கும் துணி சங்கிலியில் சிக்கினால் விசையை விடுவதற்குள் கால் அருகில் வந்துவிடும். தடித்த நீளக் காற்சட்டை, மூடிய சப்பாத்து, கண்ணாடி, கையுறை வேண்டும். பாட்டாச் செருப்பு உதவாது. பற்றரி வாளுக்கே உரிய ஓர் ஆபத்து அதன் மௌனம். பெற்றோல் வாள் சும்மா இருக்கும்போதும் உறுமிக்கொண்டிருப்பதால் எல்லோரும் விலகி நிற்பார்கள். இது அணைந்தது போல அமைதியாகக் கிடக்கும், விரல் பட்டதும் முழு வேகத்தில் ஓடும். சங்கிலியைத் தொடுவதானாலும், ஒயில் விடுவதானாலும், கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவதானாலும் பற்றரியைக் கழற்றிவிட வேண்டும். பிள்ளைகள் ஓடித்திரியும் வளவில் இந்தப் பழக்கத்துக்கு ஈடு கிடையாது.

மின்கம்பியைத் தொடும் கொப்பு, கம்பிக்குக் கிட்ட நிற்கும் மரம் ஆகியவை வீட்டுக்காரரின் வேலை அல்ல, மின்சாரசபைக்கு அறிவிக்க வேண்டியவை. பச்சை மட்டையும் உப்புக்காற்றில் நனைந்த கொப்பும் மின்சாரத்தைக் கடத்தும்.

வெட்டும்போது இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். உடல் பாரின் நேர்க்கோட்டில் இல்லாமல் சற்று விலகி நிற்க வேண்டும். பார் நுனியின் மேற்பாதி எதிலும் படக் கூடாது. அந்த இடம் மரத்தில் பட்டால் வாள் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எகிறும். தோளுக்கு மேலே தூக்கி அறுப்பதும், ஏணியில் நின்று ஒரு கையால் அறுப்பதும், சிறு வாளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கொப்பைப் பற்றுவதும்தான் காயங்களுக்குப் பெரும் காரணம். உயரக் கொப்புக்கு நீண்ட தடியில் பொருத்திய வாள் இருக்கிறது. தரையில் நின்றே வேலை செய்யலாம், கொப்புக்கு நேர் கீழே நிற்காமல் இருந்தால் சரி.

பாரமான கொப்பை ஒரே வெட்டில் மேலிருந்து அறுத்தால் பாதியில் முறிந்து அடிமரத்துப் பட்டையை உரித்துக்கொண்டு விழும். அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி முதலில் கீழிருந்து மூன்றிலொரு பங்கு அறுக்க வேண்டும். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் கொப்பு சுத்தமாக விழும். மிஞ்சிய கட்டையைக் கடைசியில், கொப்பு புறப்படும் இடத்தில் உள்ள புடைப்பைக் காயப்படுத்தாமல் அதன் வெளிப்பக்கமாக எடுக்கலாம். அந்தப் புடைப்பிலிருந்துதான் மரம் காயத்தை மூடுகிறது.

விழுந்து கிடக்கும் தண்டில் எந்தப் பக்கம் இறுகி இருக்கிறது, எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். இரு முனையும் தாங்கலில், நடு அந்தரத்தில் என்றால் மேற்பக்கம் இறுகும். மேலிருந்து முழுதும் அறுத்தால் வாள் கவ்விக்கொள்ளும். மேலே கொஞ்சம் அறுத்துவிட்டுக் கீழிருந்து முடிக்க வேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கலில் என்றால் வரிசை தலைகீழ். காற்றில் வேரோடு சாய்ந்த தென்னையில் இன்னொரு எமன் உண்டு. தண்டை அறுத்துப் பாரம் குறைந்ததும், மண்ணோடு பெயர்ந்த வேர்க்கட்டை அடிக்கட்டையையும் தூக்கிக்கொண்டு பழைய குழிக்குள் திரும்பலாம். அந்தக் குழிப்பக்கம் ஒருவரும் நிற்கக் கூடாது. நிற்கும் தென்னையையோ பனையையோ பற்றரி வாளால் வீட்டுக்காரர் தறிக்க முயல்வது உயிரோடு விளையாடுவது. மதிலும் கூரையும் நெருங்கிய வளவில் அதற்கென்று ஏறி, வட்டை இறக்கி, கயிறு கட்டித் துண்டு துண்டாக இறக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் கூலி நியாயமானது.

லுணுவிலவில், பண்டிரிப்புவத் தோட்டத்தில் இருக்கும் தென்னை ஆராய்ச்சி நிலையம் 1929இல் தொடங்கிய திட்டத்திலிருந்து வளர்ந்தது. இந்த மாவட்டத்தின் தென்னை எவ்வளவு முக்கியமானது என்பதற்கு அது இங்கே இருப்பதே சான்று. வாள் வைத்திருப்பவர் தென்னைக்குச் செய்யக்கூடிய தீங்கு இரண்டு. தென்னைக்குப் பட்டை வளர்ந்து காயம் மூடாது. ஒருமுறை பட்ட வெட்டு ஆயுள் முழுதும் திறந்தே இருக்கும். இளந்தென்னையில் அந்த ஈரக்காயத்தின் மணத்துக்குச் செங்கூன்வண்டு வந்து முட்டையிடும், புழு உள்ளுக்குள் தின்று தண்டையே சாய்த்துவிடும். பக்கத்து மரத்தை அறுக்கும்போது வாள் நுனி தென்னையில் பட்டால் அந்த இடத்தில் உடனே தார் பூச வேண்டும். பச்சை மட்டையை எடுத்தே ஆக வேண்டுமென்றால் தண்டிலிருந்து நாலடி விட்டு வெட்ட வேண்டும். இரண்டாவது தீங்கு, துண்டுபோட்ட தண்டை வேலியோரம் அடுக்கி மறந்துவிடுவது. உக்கிய தென்னங்கட்டைக்குள் கருவண்டு பெருகும், அது சுற்றியுள்ள எல்லா வளவிலும் குருத்தைத் துளைக்கும். துண்டுகளைப் பிளந்து காயவைத்து விறகாக்க வேண்டும், அல்லது உக்குவதற்குள் எரித்துவிட வேண்டும்.

கரையோரத்தில் வாளுக்கு எதிரிகள் மணலும் உப்பும். ஓடும் சங்கிலி ஒரு கணம் மணலில் பட்டாலே கூர் போய்விடும். தண்டின் கீழ் ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து உயர்த்திக்கொள்ள வேண்டும். இழுத்துவந்த கொப்பில் ஒட்டிய மணலைத் தட்டிவிட வேண்டும். கூரான பல் அகலமான சீவல்களாகத் தள்ளும். மாவு போலத் தூள் வந்தால், அல்லது வாளை அமுக்க வேண்டியிருந்தால், அரம் போடும் நேரம் வந்துவிட்டது. 12, 14 அங்குல வாள்களில் அதிகம் காணும் எட்டில் மூன்று அங்குலத் தாழ்வகைச் சங்கிலிக்கு 4 மில்லிமீற்றர் வட்ட அரம் பொருந்தும். பல்லில் உள்ள கோட்டுக்கு ஒத்த சாய்வில், உள்ளிருந்து வெளியே, எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை இழுப்பு. ஒருபக்கம் கூடினால் வாள் வளைந்து அறுக்கும். புதுச் சங்கிலி முதல் சில நிமிடத்திலேயே நீளும். அதை இறுக்கி, கையால் இழுத்தால் தடையின்றி ஓடும் அளவில் வைக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் மூடியைக் கழற்றித் தூளையும் நாரையும் பிரஷால் எடுத்து, சங்கிலிக்கு ஒயில் தடவி, பற்றரி முனைகளை உலர்ந்த துணியால் துடைத்து வைத்தால் உப்புக்காற்று தின்னாது. தண்ணீர் அடித்துக் கழுவக் கூடாது. பற்றரியைச் சூடாக இருக்கும்போதே சார்ஜரில் போடக் கூடாது, நிழலில் ஆறவிட வேண்டும். தகரக்கூரைக் கொட்டிலோ வெயிலில் நிற்கும் முச்சக்கரவண்டியோ அதற்கு இடமில்லை. சில மாதம் எடுக்கப் போவதில்லை என்றால் பாதி ஏற்றத்தில், வாளிலிருந்து கழற்றி, வீட்டுக்குள் வைக்கலாம். உப்பிய, விழுந்து வெடித்த, நீரில் மூழ்கிய பற்றரியை மீண்டும் ஏற்றக் கூடாது. குப்பையோடு எரிக்கவும் கூடாது. முனைகளை ஒட்டுநாடாவால் மூடி, இலத்திரனியல் கழிவு சேகரிப்போரிடம் கொடுக்க வேண்டும்.